எவர்சில்வர் குடமும் வியெத்தோவின் சக்கரமும்

அண்ணா பிறந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் மாவட்டத் தலைநகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துவது. 13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10. 15, 17 வயதுப் பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண் பிள்ளைகளுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. நான்காவதிலிருந்து பத்தாவது வரை வருகிறவர்களுக்கும் ஆளுக்கு 250 ரூபாய் உண்டு. பத்தாவதாக வந்தவனுக்கும் ஏதோ கையில் கிடைக்கிறதே, அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி உள்ள சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார், இருபது கியர் எல்லாம் கூடாது. அரசாங்கம் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிளிலேயே வந்து நிற்கலாம். முன்னால் கம்பிக்கூடை மாட்டிய வண்டியில், தாவணிக்குப் பதில் டிராக் பேன்ட் போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பதை நாமக்கல்லில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். லாரிகளைக் கொஞ்ச நேரம் போலீஸ்காரர்கள் நிறுத்தி வைத்திருப்பார்கள். நாமக்கல்லில் லாரி நிற்பதும் சைக்கிள் போவதும் அந்த ஒரு நாள் அதிசயம்தான்.

இந்தச் 'சாதாரண சைக்கிள்' விதியை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. இப்படி ஓட்டினால் எப்படி ஒலிம்பிக்குக்குப் போவது என்று கேட்பார்கள். அவர்களுக்காகவே உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னால்தான் ஐம்பது வருஷத்துக்கு முன் எங்கள் நாலு பேர் 'டீம்' செய்த காரியத்தையும் சொல்ல முடியும்.

1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி. பிரான்சில் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை, விற்பனை படுத்துக் கிடந்ததால், நாட்டையே சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. 60 பேர் கிளம்பினார்கள். ஆறே கட்டங்களில் 2,428 கிலோமீட்டர். முதல் கட்டமே பாரிசிலிருந்து லியோன் நகரம் வரை 467 கிலோமீட்டர். சென்னையில் ஏறி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட கோயமுத்தூர் வந்துதான் இறங்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டினார்கள். தார்ச்சாலை கிடையாது, கியர் கிடையாது. 21 பேர்தான் கடைசி வரை வந்து சேர்ந்தார்கள். ஜெயித்தவர் மோரிஸ் கரேன். சின்ன வயதில் புகைபோக்கி துடைக்கிற வேலை செய்தவர். பத்திரிகை விற்பனையும் தூக்கிக்கொண்டது.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச். பந்தயத்தின் விதிகளை எழுதியவரும் அவரே. கண்டிப்பில் நம் ஊர்ப் பழைய தலைமையாசிரியர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். மனிதனுடைய தசையும் நெஞ்சுரமும்தான் ஜெயிக்க வேண்டும், இயந்திரமோ அடுத்தவன் உதவியோ ஜெயிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கியர் மாற்றுகிற கருவி வந்து வெகு காலமாகியும் தன் பந்தயத்தில் அதை விடவில்லை. பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். உச்சி வந்ததும் மறுபடி கழற்றி மாட்ட வேண்டும். 1937இல்தான் அந்தத் தடை போனது. ஆக, உலகப் புகழ் பெற்ற அந்தப் பந்தயமே முப்பது வருஷத்துக்கு மேல் 'சாதா சைக்கிள்' பந்தயமாகத்தான் இருந்திருக்கிறது.

வண்டி ரிப்பேர் ஆனாலும் ஓட்டுகிறவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் 1913இல் நடந்த ஒரு சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. யூழேன் கிறிஸ்தோப் என்பவர் அந்த வருஷம் ஜெயிக்க வாய்ப்புள்ளவர்களில் ஒருவர். பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன் ஃபோர்க் முறிந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலையில் நடந்து இறங்கினார். அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லுப் பட்டறை. பட்டறைக்காரர் உதவ முன்வந்தார். ஆனால் பின்னாலேயே வந்த பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொருவர் கை பட்டால் குற்றம். கிறிஸ்தோப் தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, மணிக்கணக்கில் பாடுபட்டு ஃபோர்க்கை ஒட்டவைத்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் பட்டறையில் இருந்த ஒரு சின்னப் பையன் ஊதினான். அதற்குப் பத்து நிமிஷம் தண்டனை! பிறகு அதை மூன்று நிமிஷமாகக் குறைத்தார்களாம். மணிக்கணக்கில் நேரம் இழந்தவனுக்கு மூன்று நிமிஷம் போனால் என்ன, பத்து நிமிஷம் போனால் என்ன. அவர் அதற்குப் பிறகும் பல ஆண்டு ஓட்டினார், ஆனால் அந்தப் பந்தயத்தை ஒருமுறையும் ஜெயிக்கவில்லை.

அடுத்தவன் உதவிக்குத் தெக்ராஞ்ச் இவ்வளவு பயந்ததற்குக் காரணம் காற்று. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேடு ஒரு எதிரி என்றால் காற்று அதைவிடப் பெரிய எதிரி. சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போய்விடும். முன்னால் போகிறவனின் பின் சக்கரத்தை ஒட்டி, ஒரு முழம் இடைவெளியில் ஓட்டினால் அவன் உடம்பு நமக்கு மறைப்பு. நான்கில் ஒரு பங்கு பலமாவது மிச்சமாகும். நாலு பேர் முறைபோட்டு முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டால், தனியாக ஓட்டுகிற பலசாலியை நோஞ்சான் கூட்டம் தோற்கடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால் பந்தயக் கோட்டைத் தாண்டும்போது ஒருவன்தான் முதலாவது. கூட்டாகச் சேர்ந்து செய்த வேலைக்குத் தனியாள் பரிசு. சைக்கிள் பந்தயத்தின் அழகும் வில்லங்கமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1911இல் மோரிஸ் புரோக்கோ என்ற ஓட்டக்காரர், ஒருநாள் ரொம்பப் பின்தங்கிவிட்டதால், தளர்ந்து போயிருந்த பிரான்சுவா ஃபாபேருக்குக் காற்று மறைத்துக் கூட்டிக்கொண்டு போனார். காசுக்குச் செய்தார் என்று தெக்ராஞ்சுக்கு ஆத்திரம். பத்திரிகையில் அவரை 'வேலைக்காரன்' என்று எழுதினார். புரோக்கோவுக்கு ரோஷம். மறுநாள் மலைக்கட்டத்தில் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஜெயித்தே காட்டினார். இவ்வளவு பலம் இருப்பவன் நேற்று ஏன் காட்டவில்லை என்று கேட்டு அவரைப் பந்தயத்தைவிட்டே வெளியேற்றினார்கள். அன்று வசவாக வந்த அந்தப் பிரெஞ்சுச் சொல் இன்று சைக்கிள் உலகத்தில் மரியாதையான தொழிற்பெயர். அணித் தலைவனுக்காகக் காற்றை வாங்குகிறவன், தண்ணீர் எடுத்து வந்து கொடுக்கிறவன், அவசரத்துக்குத் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கிறவன் என்று அதற்கு இன்றைக்குப் பொருள்.

சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவன் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் பக்கம் சைக்கிள் வந்த கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முதலில் சீமையிலிருந்து வந்த ராலியும் ஹம்பரும் ரட்ஜும் மிராசுதார், வாத்தியார், போஸ்ட்மாஸ்டர் வீடுகளில் இருந்தன. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்து அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்யத் தொடங்கியது. வடக்கே 1951இல் அட்லஸ், 1956இல் ஹீரோ. அதற்குப் பிறகுதான் பால்காரர், தறிக்காரர், கறிவேப்பிலைக்காரர் வரைக்கும் சைக்கிள் வந்தது. பஞ்சாயத்தில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரி விளக்கு இல்லாமல் வந்தாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். வால் டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்.

சொந்தச் சைக்கிள் இல்லாதவனுக்கு வாடகைச் சைக்கிள். கடைக்காரர் நோட்டில் பேரும் நேரமும் எழுதிக்கொள்வார். அரை மணி, ஒரு மணி. இப்போது 'குரங்கு பெடல்' என்று ஒரு படம் வந்ததே (2024), அது எங்கள் தலைமுறையின் படம். பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு ஓட்டுகிற வித்தை. முழங்காலில் அதன் தழும்பு இல்லாதவர் நம் வயதில் யாராவது இருந்தால் தெரிவிக்கவும்.

போட்டி என்று பார்த்தால் மூன்று வகை. பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ். காலை ஊன்றாமல் யார் கடைசியில் வருகிறாரோ அவர் ஜெயித்தவர். இரண்டாவது, கோயில் மைதானத்தில் ராப்பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற சாகசக்காரர். சைக்கிளிலேயே சாப்பாடு, சைக்கிளிலேயே குளியல், ஏழாம் நாள் மாலை மரியாதையோடு இறங்குவார். ரெக்கார்டு பாட்டும் டியூப் லைட்டும் அமர்க்களப்படும். மூன்றாவதுதான் ரோடு ரேஸ். அது அபூர்வம். ஊர் இளைஞர்கள் யாராவது முயற்சி எடுத்தால் பொங்கலுக்கு ஒன்று நடக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ரோட்டில் பந்தயம் விடுவதற்கு எல்லா நாட்டிலும் தகராறு இருந்திருக்கிறது. நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே, சைக்கிள் சங்கத்தார் போலீசுக்குப் பயந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கூட்டமாக ரோட்டில் ஓட்டுகிற பந்தயத்தைத் தாங்களே தடை செய்துவிட்டார்கள். ஆசை விடுமா? விடியற்காலை, கறுப்பு உடை, ஒருவர் கிளம்பி ஒரு நிமிஷம் கழித்து அடுத்தவர் என்று திருட்டுத்தனமாக நேரம் பார்த்து ஓட்டினார்கள். 1942 ஜூன் 7ஆம் தேதி, யுத்தத்தின் நடுவில், பெட்ரோல் பஞ்சத்தால் ரோடெல்லாம் காலியாகக் கிடந்தபோது, பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் துணிந்து 59 மைல் பந்தயம் ஒன்றைக் கூட்டமாகவே நடத்திக் காட்டினார். போலீஸ்காரர்களே வழிவிட்டு உதவினார்கள். சங்கம்தான் அவரை விலக்கி வைத்தது! ஆளும் கட்சியைவிடச் சங்கத்துக்காரர்கள் மோசம் என்பது நம் ஊருக்கு மட்டும் உள்ள அனுபவம் இல்லை.

நம் நாட்டில் சைக்கிளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் பம்பாய்க்காரர்கள், அதிலும் பார்சிகள். 1923 அக்டோபர் 15 அன்று ஆறு வாலிபர்கள் பம்பாயிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. பாரசீகம், மெசொப்பொத்தேமியா, சினாய்ப் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று 71,000 கிலோமீட்டர். 1928 மார்ச் 18 அன்று திரும்பி வந்தவர்கள் மூன்று பேர்தான். ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்கரா. மற்ற மூவரும் வழியில் வெவ்வேறு காரணத்தால் பிரிந்துவிட்டார்கள். ஆறு பேரில் மூன்று பேர் கடைசி வரை சேர்ந்து இருந்ததே பெரிது என்று இப்போது தோன்றுகிறது. பந்தயம் பக்கம் வந்தால், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் சைக்கிள் அணி கலந்துகொண்டது. அதிலும் பெரும்பாலோர் பார்சிகள். வின்ட்சர் பூங்காவில் ரோடு ரேஸ் நடந்த தேதி ஆகஸ்டு 13. நாம் சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் முடிய இரண்டு நாள் பாக்கி. பதக்கம் எதுவும் வரவில்லை. 1952இல் ஹெல்சிங்கி, 1964இல் டோக்கியோ, அதோடு நம் சைக்கிள்காரர்கள் ஒலிம்பிக்கில் ஓய்ந்துவிட்டார்கள். சமீபத்தில் அந்தமான் பையன் ஈசோ ஆல்பன் இருந்த மூவர் அணி 2019இல் ஜூனியர் உலகப் போட்டியில் தங்கம் வாங்கியதைப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டார்கள். மூவர் அணி என்பதைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம்.

1973இல் எங்கள் டீமில் நாலு பேர். டீம் என்பது நாங்களே வைத்துக்கொண்ட பெயர். பனியன் கூட ஒரே கலர் கிடையாது. ஒருவன் தோட்டத்துக்காரர் மகன், சொந்த வண்டி. ஒருவன் சைக்கிள் கடையில் வேலை செய்தவன், ராத்திரி கடை சாத்தினால் எந்த வண்டியும் அவன் வண்டி. மூன்றாமவன் ராசிபுரம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன். அவன் அப்பா சேலைக் கட்டு ஏற்றிப் போகிற சைக்கிளைத்தான் ஓட்டுவான். கேரியரில் கயிறு தேய்த்த பள்ளம் இருக்கும். நாலாவது நான்.

கடைப் பையன்தான் எங்களுக்கு எஞ்சினியர். முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 16 பல் போட்டுவிட்டால் ஆறு மீட்டருக்குச் சற்று மேல். நிமிஷத்துக்கு எண்பது சுற்று மிதித்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம் என்று கரியால் சுவரில் கணக்குப் போட்டுக் காட்டினான். மிதித்துப் பார்த்தால் தெரிந்தது, சுவர் மிதிக்காது, நாம்தான் மிதிக்க வேண்டும் என்று. மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எடை குறைத்தோம். அப்படியும் வண்டி பதினாறு, பதினேழு கிலோவுக்குக் குறையவில்லை.

விடியற்காலை நாலரைக்கு ஆண்டகளூர் கேட்டில் சேர்ந்து நாமக்கல் ரோட்டில் ஓட்டுவோம். அன்றைக்கு அது ஒற்றை ரோடு, இருபக்கமும் புளியமரம். எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கிவிட வேண்டும். ஆடி மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம் மேற்கே திரும்பிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அங்கேதான், தெக்ராஞ்ச் பெயரோ பிரான்சுப் பந்தயமோ கேள்விப்படாமலே, ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்து ஓட்டுகிற வித்தையை நாங்களாகக் கண்டுபிடித்தோம். நூறு புளியமரத்துக்கு ஒருவன் முன்னால். நூறு எண்ணி முடித்ததும் அவன் ஒதுங்கிப் பின்னால் வந்துவிடுவான். தறிக்கார நண்பன் மட்டும் எண்ணிக்கையில் ஏமாற்றமாட்டான். நூற்றிருபது கூட ஓட்டுவான். நாங்கள் மூவரும் தொண்ணூறில் நூறு என்போம்.

ஒருமுறை ஏற்காட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். இறங்கும்போது பிரேக் கட்டை தீய்ந்து அடிவாரம் வரை ரப்பர் வாசனை. கொல்லிமலைக்கு எழுபது வளைவு. அதற்குப் போகவில்லை.

1974 பொங்கலுக்கு ரோடு ரேஸ் அறிவித்தார்கள். ஆண்டகளூர் கேட்டிலிருந்து புதுச்சத்திரம் போய்த் திரும்ப வேண்டும். போகவர இருபது கிலோமீட்டர் என்றார்கள், யாரும் அளந்து பார்க்கவில்லை. முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அப்போது எவர்சில்வருக்கு இருந்த மதிப்பு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டில் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தால் அதைத் தண்ணீர் எடுக்க அனுப்பமாட்டார்கள், அலமாரியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தறிக்கார நண்பனின் தங்கைக்குத் தை கடைசியில் கல்யாணம். சீர்த்தட்டில் வைக்கக் குடம் வாங்க வீட்டில் வழியில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை. தோட்டத்துக்காரர் மகன்தான் சொன்னான், "நாம நாலு பேரும் சேர்ந்து ஓட்டி இவனை முன்னால விட்டறணும்ப்பா." சரி என்றோம். மூன்று பேரும் கையில் அடித்துச் சரி என்றோம்.

முப்பது பேருக்கு மேல் கிளம்பினார்கள். புதுச்சத்திரம் வரை முதுகில் வாடைக்காற்று, பறந்தோம். திரும்பியதும் அதே காற்று முகத்தில். கூட்டம் சிதறிவிட்டது. எங்கள் நாலு பேரும் முறைபோட்டுப் பிரித்துக்கொண்டு போனோம். வழியில் கடைப் பையனுக்குச் செயின் கழன்றது. தோட்டத்துக்காரருக்குக் கால் பிடித்துக்கொண்டது. கடைசி ஒரு மைலில் நாங்கள் இரண்டு பேர்தான். முறைப்படி நான் முன்னால் போய்க் காற்றை வாங்க வேண்டும். நான் வரவில்லை. மூச்சு வாங்குகிறது என்று கையைக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு, தானே முன்னால் மிதித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நான் காற்றுப் படாமல் வந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை.

கேட்டுக்கு அருகில் ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஐம்பது கெஜம் இருக்கும்போது வெளியே வந்து அவனைத் தாண்டிப் போனேன். யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூச்சு வாங்குவதாகப் பொய் சொன்னவன் யோசிக்காமல் செய்தான் என்பதை நானே நம்பவில்லை.

அவன் வந்து தோளில் தட்டி, "நல்லா வந்தப்பா" என்றான். மற்ற இருவரும் ஒன்றும் பேசவில்லை. குடத்தை மாலையோடு கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுத்திருக்கலாம். அதற்குள் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். கல்யாணத்துக்குப் போனேன். சீர்த்தட்டில் பழைய பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து அதற்குப் பிறகு ஓட்டவில்லை. சண்டை எதுவும் இல்லை. விடியற்காலை யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அவன் அடுத்த வருஷம் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, வடக்கே ஓட ஆரம்பித்துவிட்டான். நானும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டேன்.

வியெத்தோ கதையை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. 1930இல் தெக்ராஞ்சே இறங்கி வந்து, கம்பெனி அணிகளை எடுத்துவிட்டு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். 1934இல் பிரெஞ்சு அணியில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன். கான் நகரத்து ஹோட்டலில் லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். மலை ஏறுவதில் அவனை மிஞ்ச அந்த வருஷம் ஆளில்லை. நாலு கட்டங்களை ஜெயித்தான். ஆனால் அணித் தலைவர் அந்தொனேன் மாஞ். பிரனீஸ் மலை இறக்கத்தில் மாஞ் விழுந்து முன் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும் வரை ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். முன் சக்கரம் இல்லாத சைக்கிளைப் பக்கத்தில் சாத்திவிட்டு, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் போட்டோ பிரான்சில் மிகப் பிரபலம். மறுநாளும் மாஞ் வண்டி பழுது. வியெத்தோ முன்னால் போய்விட்டிருந்தான். செய்தி தெரிந்ததும் இறங்கிய மலையில் எதிர்த்திசையில் திரும்ப ஏறி வந்து, இந்த முறை சைக்கிளையே கொடுத்தான். மாஞ் ஜெயித்தார். வியெத்தோ ஐந்தாவது. 1947இல் பதினைந்து நாள் முதலிடத்து மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தும் கடைசியில் கை நழுவியது. அந்தப் பந்தயத்தை அவன் ஜெயிக்கவே இல்லை.

அவனைத் தியாகி என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் போட்டோவில் அவன் அழுதது பிடிக்கும். மனம் நிறைந்து கொடுத்தான் என்று யாரும் பொய் சொல்ல முடியாதபடி அழுதிருக்கிறான். அழுதுகொண்டே கொடுத்தான்.

நண்பன் இப்போது நாமக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறான். முட்டி போய்விட்டது. சென்ற முறை அண்ணா பந்தயத்துக்கு இருவரும் போய் வேப்பமரத்தடியில் நின்றோம். புதுக்கோட்டையில் 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனபோது, அறிவொளி இயக்கத்துக்காரர்களுக்குப் பைத்தியம் என்று லாரி ஷெட்டில் பேசிச் சிரித்ததை அவனே சொன்னான். 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. இப்போது அவன் பேத்திக்கும் ஒன்று வந்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் பிரிவு திரும்பி வரும்போது ஒரே பள்ளிக்கூடத்துப் பனியனில் இரண்டு பிள்ளைகள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். எங்களைத் தாண்டுவதற்குச் சற்று முன் முன்னவள் ஒதுங்க, பின்னவள் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டாள். அவன்தான் முதலில் பார்த்தான். என் கையைத் தொட்டுக் காட்டினான். யார் முதலில் போனார்கள் என்று பார்க்க முடியவில்லை, கூட்டம் மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தக் குடம் இருக்குதாப்பா?"

ஐம்பது வருஷத்தில் அவன் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்குது."

"ஓட்டை கீட்டை?"

"இல்ல. கழுத்துக்கிட்ட ஒரு நசுங்கல்."

"பேத்திக்கு ஆவணியில வெச்சிருக்கறோம்" என்றான். "கொண்டாந்து குடு."

நசுங்கலைத் தட்டி எடுக்கச் சேலத்தில் ஒரு பாத்திரக் கடையில் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.